சின்ன ஊர்க் கல்லூரியில் இதழியல் படிக்க வைக்கலாமா?

11 மே 2025 – கேள்வி

எனக்கு சங்கரன்கோவில். விசைத்தறி ஓட்டுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நல்ல மார்க். பத்திரிகைப் படிப்புதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். சென்னையில் ஃபீஸும் ஹாஸ்டலும் விசாரித்தேன், நமக்குக் கட்டாது. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் இதழியலும் தொடர்பியலும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு கேமரா, ஒரு கம்ப்யூட்டர் அறை. ஸ்டுடியோ என்று போர்டு போட்ட அறையில் நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்கள். வகுப்புக்கு இருபது பிள்ளைகள்கூட இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் பி.காம். போடு என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 மே, இரவு – பதில்

சேர்த்துவிடுங்கள் அண்ணாச்சி.

நானும் அப்படி ஒரு கல்லூரியில் படித்தவள்தான். அதன்பின் நெல்லை, தென்காசிப் பக்கம் நிருபராக ஓடினேன். இப்போது ஒரு நாளிதழில் டெஸ்க் வேலை, அதாவது வருகிற செய்தியைத் திருத்திப் பக்கத்துக்குத் தருவது. சனிக்கிழமைகளில் ஒரு சின்னக் கல்லூரியில் போய் வகுப்பும் எடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

நீங்கள் குறையாகச் சொன்ன இருபது பிள்ளைகள் கணக்கை நான் நல்லதாகத்தான் பார்க்கிறேன். செய்தி எழுத வருவது எழுதி எழுதி, அதை ஒருவர் திருத்திக் கொடுத்து, மறுபடி எழுதித்தான். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் எந்த ஆசிரியராலும் வாரம் ஒரு தாள் திருத்தி, பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தத் தகவலை யார் சொன்னது? அவர் பேரை ஏன் போடவில்லை?" என்று கேட்க முடியாது. இருபது பேர் என்றால் முடியும். முடிவதை அந்தக் கல்லூரி செய்கிறதா என்பது வேறு விஷயம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாளை எழுதுகிறேன்.

சென்னையில் படித்தால் கிடைப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் சரளமாகும். பெரிய பத்திரிகை, டிவி அலுவலகங்களில் பயிற்சிக்கு நுழைவது சுலபம். உடன் படித்தவர்களே பத்து வருடம் கழித்துப் பத்துச் செய்தி அறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். இது பெரிய பலம்தான். ஆனால் அதை மேற்படிப்பிலும் பிடித்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947லேயே இதழியல் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 2000இல் பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்தது, அது டிகிரி முடித்தவர்களுக்கானது. பக்கத்திலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. முதல் மூன்று வருடம் ஊரில் இருந்து படிக்கட்டும். அந்த மூன்று வருடத்தில் ஊரைப் படிக்கட்டும் என்பதுதான் நான் சொல்வது.

12 மே

இன்னொரு தடவை கல்லூரிக்குப் போனால் கேமராவை எண்ண வேண்டாம். துறைத் தலைவரிடம், "போன வருடம் பிள்ளைகள் எழுதி அச்சானது எதையாவது காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஏ3 தாளை மடித்து ஜெராக்ஸ் கடையில் எடுத்த நாலு பக்கமாக இருந்தாலும் போதும். "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று கீழே போட்டு மாதம் ஒன்று கொண்டுவருகிறார்கள் என்றால் அந்தத் துறை உயிரோடு இருக்கிறது. எதுவும் இல்லை, ஆண்டு மலர் மட்டும்தான் என்றால் யோசியுங்கள்.

அடுத்தது நூலகம். எத்தனை நாளிதழ் வருகிறது, பழசை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தேதி வாரியாகக் கட்டி வைத்திருந்தால் நல்லது. எடைக்குப் போட்டுவிட்டால் பிள்ளைகள் எதை வைத்து ஒப்பிட்டுப் படிப்பார்கள்?

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேரிடம் ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது பேசச் சொல்லுங்கள் மகளை. நீங்கள் கேட்டால் சொல்லமாட்டார்கள், அவளிடம் சொல்வார்கள்.

14 மே

சம்பளம் பற்றிக் கேட்ட மதுரைக்காரருக்கு. நேராகவே சொல்கிறேன், இந்தத் தொழிலில் ஆரம்பச் சம்பளம் குறைவு. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955லேயே தனிச்சட்டம் வந்தது. கடைசியாக, பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தைப் பரிந்துரைக்க அமைத்த மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பெல்லாம் சம்பளப் பேரேட்டில் பெயர் இருந்த ஊழியருக்குத்தான் உதவியது. தாலுகா அளவில் ஓடும் பகுதிநேர நிருபர்களுக்கு அது எட்டவில்லை. அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று வரும். போதாததற்கு விளம்பரமும் சந்தாவும் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. காலையில் யார் வீட்டில் விளம்பரம் கேட்டோமோ அவரைப் பற்றி மாலையில் எப்படிச் செய்தி எழுதுவது? நல்ல நிருபர்கள் பலர் மனம் வெறுத்துப் போனது இந்த இடத்தில்தான்.

ஆகவே இந்தப் படிப்பைப் படிக்கும் பிள்ளை கூடவே ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், பிழை திருத்தம், இதில் எது கைக்கு வருகிறதோ அது. நல்ல செய்திக்காகக் காத்திருக்கும் காலத்தில் அது சோறு போடும்.

அண்ணாச்சிக்கு ஒரு தகவல். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பஸ் செலவுக்கு ஆகும். வீட்டில் யாராவது பீடி சுற்றி, தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருந்தால் மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். நம் பக்கம் இது தெரியாமலே பல பிள்ளைகள் படித்து முடித்துவிடுகிறார்கள்.

19 மே, திங்கள்

இன்று திங்கட்கிழமை என்பதால் இதை எழுதுகிறேன். ஸ்டுடியோ இல்லை என்று வருத்தப்பட்டீர்களே, அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் ஆட்சியர் அலுவலகம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிந்ததிலிருந்து உங்கள் ஆட்சியர் அலுவலகம் முன்பைவிடப் பக்கத்தில் வந்துவிட்டது. வாரா வாரம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். நான் முதன்முதலில் பேனாவும் நோட்டுமாக உருப்படியாக நின்ற இடம் அப்படி ஒரு கூட்டம்தான்.

காலை ஒன்பது மணிக்கே வாசலில் ஆள் கூடிவிடும். மனு எழுதித் தருபவர்கள் மரத்தடியிலும் சுவரோரத்திலும் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். வந்தவர் சொல்வது ஒரு கதையாக இருக்கும். பாகப்பிரிவினையில் ஆரம்பித்து, தம்பி பொண்டாட்டி பேசிய பேச்சுக்குப் போய், நடுவில் அழுது, கடைசியில்தான் பட்டா மாறுதலுக்கு வந்திருக்கிறார் என்று தெரியும். எழுதுகிறவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உயர்திரு ஆட்சியர் அவர்களுக்கு" என்று தொடங்கி எட்டு வரியில் முடித்துவிடுவார். எதை விட்டார், எதை வைத்தார், எந்த சர்வே நம்பரை முதலில் கேட்டார் என்று கவனித்தாலே செய்தி எழுதுவதில் பாதி பிடிபடும். அப்புறம் விடுபட்டுப்போன மீதியையும் போய்க் கேட்கத் தெரிய வேண்டும்.

வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்ப்பார்கள், மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம், கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும், தீயில் போனது யாருக்கும் மறந்திருக்காது. அந்தப் படங்கள் போனுக்குப் போன் பறந்தன. பலமுறை மனு கொடுத்துவிட்டு வந்த குடும்பம் அது. தீப்பிடித்த பிறகு வராத சேனல் இல்லை. மனுவோடு வரிசையில் நின்ற திங்கட்கிழமைகளில் பக்கத்தில் போய் "என்ன விஷயம்?" என்று கேட்க ஒரு நிருபர் இல்லை. மாவட்ட நிருபர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அன்று அமைச்சர் விழா இருக்கும், கோர்ட் இருக்கும், மாலைக்குள் ஏழெட்டுச் செய்தி அனுப்ப வேண்டும். கல்லூரிப் பிள்ளைக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரே ஒரு மனுவை எடுத்துக்கொண்டு, அது எந்த மேசைக்குப் போனது, என்ன பதில் வந்தது என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் பின்தொடர அவளால் முடியும். சின்ன ஊர்க் கல்லூரியில் படிக்கச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் பெரிய காரணம் இதுதான்.

20 மே

பெண் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று தனியாகக் கேட்ட தாய்க்கு. அனுப்பலாம் அக்கா. ஸ்கூட்டி ஓட்டப் பழக்குங்கள், லைசென்ஸ் எடுத்துக்கொடுங்கள். இரவு விபத்துச் செய்திக்கு ஓட வேண்டியிருக்கும், கடைசி பஸ்ஸை நம்பினால் முடியாது. பெண் நிருபர் வந்தால் பேசும் வீடுகள் இருக்கின்றன. ஆண் நிருபர் வாசலிலேயே நிற்பார், நம்மை அடுப்படி வரை கூப்பிட்டு உட்காரவைப்பார்கள்.

2 ஜூன்

"தியரி எல்லாம் எதற்கு, ரிப்போர்ட்டிங் மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். படிக்கும்போது நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் 1948இல் சொன்னதை, அதாவது யார், எதை, எந்த வழியில், யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார்கள் என்பதை, ஆங்கிலத்தில் உருப்போட்டு எழுதி மார்க் வாங்கினோம். புத்தகத்தில் வந்த உதாரணம் ஒன்றும் எங்கள் ஊர்ப் பக்கத்தது இல்லை.

இப்போது வகுப்பெடுக்கும்போது வேறு மாதிரிச் செய்துபார்க்கிறேன். 1968இல் அமெரிக்காவில் சேப்பல்ஹில் என்ற ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வாக்காளர்களிடம் போய், நாட்டுக்கு முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டு, அந்தப் பட்டியலையும் பத்திரிகைகள் எதை அதிகம் எழுதின என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பத்திரிகை எதை அதிகம் எழுதுகிறதோ அதையே மக்களும் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்ற தியரி இதிலிருந்து வந்ததுதான். இதைப் பாடமாகச் சொன்னால் கொட்டாவிதான் வரும். ஆகவே ஒரு மாதத்து மாவட்டப் பக்கங்களைக் கொடுத்து, செய்திகளைக் கத்தரித்து வகைவகையாகக் குவிக்கச் சொன்னேன். அரசு விழா ஒரு குவியல், கொலை கொள்ளை ஒன்று, விபத்து ஒன்று, கட்சி அறிக்கை ஒன்று, குடிநீர், ரோடு, ஆஸ்பத்திரி ஒன்று. விழாக் குவியல்தான் உயர்ந்து நின்றது. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் போய் ஆட்களிடம் உங்கள் ஊரில் என்ன பிரச்சினை என்று கேட்கச் சொன்னேன். தண்ணீர் என்றார்கள், பஸ் நேரத்துக்கு வரவில்லை என்றார்கள், பையனுக்கு வேலை இல்லை என்றார்கள். விழா பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ இங்கே அந்தத் தியரி வேலை செய்யலையா மேடம்?" நல்ல கேள்வி. ஊர்க்காரருக்குக் குடிநீர்ப் பிரச்சினையைப் பத்திரிகை வந்து சொல்ல வேண்டியதில்லை, குழாயில் தெரிந்துவிடும். நேரில் பார்க்க முடியாத விஷயங்களில்தான் பத்திரிகையின் பிடி அதிகம். அவளே பேசிப் பேசி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆராய்ச்சியாளர்களும் பின்னால் இதையேதான் எழுதினார்கள். ஆகவே தம்பி, தியரி வேண்டும். ஊரில் உரசிப் பார்க்காமல் உருப்போடுவதுதான் வேண்டாம்.

3 ஜூன்

தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவதா தமிழிலா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சேரும் முன்னே கேட்டுவிடுங்கள். எதில் எழுதினாலும் தினமும் ஒரு ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதிப் பழகட்டும். பத்திரிகைகளுக்குச் செய்தி விற்கும் ஏஜென்சிகள் அனுப்புவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வந்து விழும். டெஸ்க்கில் உட்காருகிறவருக்குப் பாதி வேலை அதுதான்.

9 ஜூன்

லேப்டாப் வாங்குவது பற்றி நீளமாகப் பேச்சு ஓடுகிறது. எது வாங்கினாலும் சரி, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகுங்கள். 1999 சென்னை மாநாட்டில் முடிவாகி அரசு ஏற்ற முறை அது. இப்போதைய பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழாக்குகிறார்கள். வாட்ஸப்புக்குப் போதும். மாலை ஆறரைக்கு நடந்த விஷயத்தை ஏழு மணிக்குள் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்றால் அந்த வேகம் பத்தாது. பக்க வடிவமைப்பில் பழைய எழுத்துருக்களும் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. யூனிகோடில் இருந்து மாற்றும்போது எழுத்து உடையும், எங்கே உடையும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும்.

கல்லூரியிலேயே சமுதாய வானொலி தொடங்கலாமே என்றவருக்கு: நல்ல யோசனைதான். நாட்டிலேயே முதல் வளாக வானொலி 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. ஆனால் உரிமமும் கருவியும் சின்னக் கல்லூரிக்குச் சுமை, அதோடு சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப இன்றும் அனுமதி இல்லை. போனில் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, வகுப்பில் போட்டுக் கேட்பதில் ஆரம்பிக்கலாம்.

23 ஜூன்

அண்ணாச்சி மகளைச் சேர்த்துவிட்டதாக எழுதியதைப் பார்த்தேன். ரொம்பச் சந்தோஷம்.

ஊர்ப் பிள்ளை எழுதினால் என்ன வித்தியாசம் என்று இடையில் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில் பீடி சுற்றுவோர் பற்றி எல்லோரும் எழுத வேண்டும் என்று வைத்தேன். பெரும்பாலான கட்டுரைகளில் "வறுமையில் வாடும் பெண்கள்", "புகையிலைத் தூசியால் அவதி" என்று ஏற்கனவே எங்கேயோ படித்த வரிகள். ஒருத்தி மட்டும் இலையில் ஆரம்பித்திருந்தாள். கடையில் ஆயிரம் பீடிக்கென்று இலை எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். நனைத்து, தகட்டை வைத்துக் கத்தரிக்கும்போது ஓட்டை விழுந்தது, நரம்பு தடித்தது எல்லாம் கழிந்துவிடும். மீதி இலையில் ஆயிரம் வராது. குறைகிற இலையை வெளியில் காசு கொடுத்து வாங்கித்தான் எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். சுற்றிக் கொண்டுபோனால் கடைக்காரர் கட்டைப் பிரித்துப் பார்த்து, இது சரியில்லை என்று கொஞ்சத்தை ஒதுக்குவார். அதற்குக் கூலி கிடையாது. ஆகவே ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்று பேச்சுவார்த்தையில் முடிவாகும் தொகை ஒன்று, அம்மா கையில் வருவது ஒன்று. வாங்கும் இலைக்கான செலவை அவள் பேப்பரில் கணக்காகவே போட்டிருந்தாள்.

எப்படித் தெரியும் என்றேன். "பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான்தான மேடம் இலை வெட்டிக் குடுக்கணும்" என்றாள்.

சென்னையிலிருந்து எவ்வளவு திறமையான நிருபர் வந்தாலும் ஒரு நாளில் இந்த இலைக் கணக்குக்கு வந்து சேர்வது கஷ்டம். இவளுக்கு அது கேட்காமலே தெரிகிறது. ஆனால் இதெல்லாம் செய்தியா என்று அவளுக்கே சந்தேகம், அதனால் முதலில் கொடுத்த தாளில் அதை எழுதவில்லை. வகுப்பில் மற்றவர்கள் வாசித்ததைக் கேட்ட பிறகுதான் எழுதினாள். ஒரு பிள்ளை வீட்டில் தெரிந்துகொண்டது செய்தியாகும் என்று சொல்லித்தர ஒரு ஆசிரியர் வேண்டும். அதற்கு ஸ்டுடியோ வேண்டாம்.

25 ஜூன்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லையென்றால் பாதிதான் சொன்னதாகும். ஊர்க்காரராக இருப்பதில் ஆபத்தும் உண்டு. எல்லோரையும் தெரியும். அவர்களுக்கும் நம்மைத் தெரியும். கடைக்காரர் அப்பாவுக்குக் கடன் கொடுத்தவராக இருப்பார். அந்த மாணவியிடம், கடைக்காரரிடமும் போய் அவர் தரப்பைக் கேட்டு எழுது என்றபோது முகம் வாடிவிட்டது. கூட ஒரு வகுப்புத் தோழியை அனுப்பினோம், கேள்விகளைத் தோழிதான் கேட்டாள். இலை மழையில் நனைந்து வந்தால் தனக்கும் நஷ்டம் என்று கடைக்காரர் சொன்னதும் கட்டுரையில் வந்தது. அதன்பின் கட்டுரை இன்னும் உறுதியாக நின்றது.

இன்னொன்று, இது சட்டம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆம் பிரிவு, குழந்தை என்றால் போக்சோ சட்டத்தில் 23ஆம் பிரிவு. ஒரு மாணவர் பயிற்சிக்காக எழுதிய செய்தியில் பேர் இல்லை, சரியாகத்தான் விட்டிருந்தார். ஆனால் தெருப் பேர் இருந்தது, படிக்கும் வகுப்பு இருந்தது, அப்பா என்ன கடை வைத்திருக்கிறார் என்று இருந்தது. சென்னை வாசகருக்கு இதில் யாரென்று தெரியாது. சின்ன ஊரில் டீக்கடையில் படிக்கிறவர் அடுத்த நிமிடம் வீட்டைக் காட்டிவிடுவார். ஒவ்வொரு விவரமாக அடித்துக் காட்டினேன், கடைசியில் ஊர்ப் பேரும் போனது. சின்ன ஊரில் எழுதுகிறவர் பெருநகரத்து நிருபரைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

21 ஜூலை

தகவல் உரிமை மனு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதீர்கள், தப்பித்துவிடுவார்கள். இன்ன தெருவுக்கு இன்ன வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி ஆணையின் நகல் கொடுங்கள் என்று ஆவணமாகக் கேளுங்கள். என் மாணவர்கள் ஒரு பேரூராட்சிக்கு இரண்டு விதமாகவும் அனுப்பிப் பார்த்தார்கள். முதல் மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு நகல்களே வந்தன.

16 ஆகஸ்ட்

மகள் நேற்று கிராமசபைக்குப் போனாளாம், என்ன எழுதுவதென்று தெரியாமல் திரும்பிவிட்டாள் என்று அண்ணாச்சி எழுதியிருக்கிறார். சங்கரன்கோவில் நகராட்சி என்பதால் அங்கே கிராமசபை கிடையாது, அதனால் மகள் தன் ஆச்சி ஊருக்குப் போயிருக்கிறாள். முதல் வருடத்திலேயே தானாகத் தேடிப் போயிருக்கிறாள் என்பதே பெரிய விஷயம்.

அவளிடம் சொல்லுங்கள்: கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று எழுத வேண்டாம். வரவு செலவு வாசித்தார்களா, வாசிக்கும்போது யாராவது எழுந்து கேட்டார்களா, கேட்டதற்கு என்ன பதில், தீர்மான நோட்டில் அது ஏறியதா, கையெழுத்து வாங்கியது கூட்டத்துக்கு முன்பா பின்பா, இவ்வளவையும் பார்த்தாலே ஒரு பக்கம் வரும். நேற்று பார்த்ததில் நினைவில் இருப்பதை இன்றே எழுதிவைக்கட்டும், நாளைக்கு நழுவிவிடும். அடுத்த கிராமசபை வழக்கப்படி அக்டோபர் 2. அதற்குள் நேற்று நிறைவேற்றிய தீர்மானங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஊராட்சிச் செயலரிடம் அது எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு தடவையாவது போய்க் கேட்கட்டும். தனியாகப் போகத் தயங்கினால் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன்.